பெரிய எழுத்துச் சாலை அட்லஸை வைத்து அமெரிக்கப் பயணத்தைத் திட்டமிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் காரில் நெடும்பயணம் போகும் தமிழ்க் குடும்பங்களுக்காக, குறிப்பாக ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து தங்கியிருக்கும் வீடுகளுக்காக, இதை எழுதியிருக்கிறேன். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கும் படிக்க முடிகிற நிலப்படம் ஒன்று வீட்டில் இருந்தால், பயணத்தை முடிவு செய்வதில் பெரியவர்களுக்கும் பங்கு கிடைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே இருக்கும் பதில்கள் எல்லாம் அந்த நோக்கத்தில் சொல்லப்பட்டவை.

கையில் போன் இருக்கும்போது காகித அட்லஸ் எதற்கு?

போகும் இடத்தை நீங்கள் சொன்னால் போன் வழியைச் சொல்லும். எங்கே போகலாம் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. திரையைப் பெரிதாக்கினால் ஊரின் பெயர் தெரிகிறது, ஆனால் சுற்றுவட்டாரம் திரையை விட்டு ஓடிவிடுகிறது. சிறிதாக்கினால் சுற்றுவட்டாரம் திரும்பி வருகிறது, ஊர்ப்பெயர்கள் காணாமல் போகின்றன. அட்லஸில் இரண்டும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

கிராண்ட் கேன்யனை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு விளிம்புக்கும் வடக்கு விளிம்புக்கும் இடையே நேர்க்கோட்டில் பத்து மைல்தான். "காலையில் இந்தப் பக்கம், மதியம் அந்தப் பக்கம்" என்று நினைப்பது இயல்பு. அரிசோனா பக்கத்தை விரித்து, சாலை எப்படிக் கிழக்கே சுற்றிக் கொலராடோ ஆற்றைக் கடந்து திரும்பி வருகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். சுமார் 215 மைல், ஐந்து மணி நேரம். போனில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்ற வேண்டும். அட்லஸில் கேட்காமலேயே கண்ணில் படும்.

இன்னொரு காரணமும் உண்டு. போன் ஒருவர் கைக்குள் அடங்கிவிடுகிறது. சாப்பாட்டு மேஜையில் விரித்த அட்லஸைச் சுற்றி வீட்டில் எல்லோரும் உட்காரலாம். மகன் டிக்கெட் போட்டு, மகன் வழி பார்த்து, மகனே ஓட்டி, பின்சீட்டில் உட்கார்ந்து வருவது மட்டும் பெற்றோர் வேலை என்று ஆகிவிட்ட பயணங்களில் இந்த வித்தியாசம் பெரிது.

பெரிய எழுத்துப் பதிப்பு சாதாரண அட்லஸிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

அமெரிக்காவில் சாலை அட்லஸ் என்றதும் நினைவுக்கு வருவது சிகாகோவைச் சேர்ந்த ராண்ட் மெக்நாலி. 1856-இல் ஓர் அச்சுக்கூடமாகத் தொடங்கி, 1924-இல் முதல் சாலை அட்லஸை வெளியிட்ட நிறுவனம். அவர்களுடைய பெரிய அளவுப் பதிப்பில் மாநிலப் படங்கள் வழக்கமான பதிப்பைவிட 35 சதவீதம் பெரிதாக இருக்கும். சுருள் கம்பி பைண்டிங் என்பதால் மேஜையில் தட்டையாக விரியும்.

அந்த 35 சதவீதத்தை அளவோடு புரிந்துகொள்ளுங்கள். அச்செழுத்தின் அளவைப் புள்ளியில் சொல்வார்கள்; ஆறு புள்ளி எழுத்து எட்டுப் புள்ளியாகிறது, அவ்வளவுதான். பார்வை குறைந்தவர்களுக்காக அச்சிடப்படும் நூல்களில் எழுத்து 16 அல்லது 18 புள்ளி இருக்கும். எந்தச் சாலை அட்லஸும் அந்த அளவை எட்டாது, எட்டவும் முடியாது, ஏனென்றால் பக்கத்தில் இடம் இல்லை. நகரப் பெயர்கள், நெடுஞ்சாலை எண்கள், தேசியப் பூங்காக்கள் எல்லாம் நன்றாகத் தெரியும். சிற்றூர்ப் பெயர்களுக்கும் மைல் எண்களுக்கும் சிலருக்குக் கண்ணாடியோ பூதக்கண்ணாடியோ தேவைப்படும்.

இன்னொன்று, படம்தான் பெரிதாகிறது, விவரம் கூடுவதில்லை. சாதாரணப் பதிப்பில் இல்லாத கிராமச் சாலை இதிலும் இருக்காது.

புரை, சர்க்கரை, வயது காரணமாகப் பார்வை குறைந்தவர்களுக்கு இது உதவுமா?

வெள்ளெழுத்து மட்டும் இருப்பவர்களுக்கு மிக நன்றாக உதவும். படிக்கும் கண்ணாடியோடு உட்கார்ந்தால் போதும்.

கண்புரை இருந்தால் எழுத்தின் அளவைவிட நிறம்தான் சிக்கல். புரை படிந்த விழியாடி மஞ்சளடித்து நீல ஒளியைத் தடுக்கிறது. ஆகவே நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். ராண்ட் மெக்நாலி படங்களில் கட்டணமில்லாத விரைவுச் சாலைகள் நீலத்திலும் சுங்கச் சாலைகள் பச்சையிலும் இருக்கின்றன. அப்பா ஒரு சாலையைக் காட்டி "இதற்குச் சுங்கம் உண்டா இல்லையா?" என்று குழம்பினால், நிறத்தை விட்டுவிட்டுச் சாலையின் எண்ணை மட்டும் பார்க்கச் சொல்லி, சுங்கச் சாலைகளை நீங்களே பென்சிலால் சிறு கோடு போட்டு அடையாளப்படுத்திக் கொடுங்கள்.

விழித்திரை பாதிப்பால் பார்வையின் நடுப்பகுதி மங்கியவர்களுக்கு, பக்கத்தின் மேல் வைத்து நகர்த்தும் விளக்குள்ள பூதக்கண்ணாடி நல்லது. யாராக இருந்தாலும் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வராமல் பக்கவாட்டிலிருந்து வரட்டும். வழவழப்பான தாளில் மேல்விளக்கு கூசும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்துக்கு ஈடு இல்லை.

கனடா, மெக்சிகோ படங்களும் இருக்குமா?

பெரிய அளவுப் பதிப்பு அமெரிக்க மாநிலங்களோடு நின்றுவிடுகிறது. நயாகராவின் கனடாப் பக்கம், டொரன்டோ, மான்ட்ரியால் என்று திட்டம் இருந்தால், வாங்கும் முன் பொருளடக்கத்தைப் பார்த்துவிடுங்கள். டொரன்டோ உறவினர் வீட்டுக்குக் காரில் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர், அவர்கள் கனடாவுக்குத் தனிப் படம் வாங்கிக்கொள்வது நல்லது.

இத்தனை கோடுகள், இத்தனை எண்கள். எங்கிருந்து தொடங்குவது?

எண்களிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்கச் சாலை எண்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டால் அட்லஸ் முழுவதும் பேச ஆரம்பித்துவிடும்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விரிந்த இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கு, அதாவது மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகளுக்கு, நீல, சிவப்புக் கேடயச் சின்னம். ஒற்றைப்படை எண் என்றால் தெற்கு வடக்காக ஓடும், இரட்டைப்படை என்றால் கிழக்கு மேற்காக ஓடும். ஒற்றைப்படை எண்கள் மேற்கில் சிறிதாகத் தொடங்கிக் கிழக்கே பெருகும். கலிஃபோர்னியா வழியாக 5, அட்லாண்டிக் கரையோரம் 95. இரட்டைப்படை எண்கள் தெற்கில் தொடங்கி வடக்கே பெருகும். புளோரிடாவையும் டெக்சாஸையும் கலிஃபோர்னியாவையும் இணைப்பது 10, பாஸ்டனையும் சியாட்டிலையும் இணைப்பது 90. அந்த 90-தான் எல்லாவற்றிலும் நீளமானது, மூவாயிரம் மைலுக்குச் சற்று மேல்.

மூன்று இலக்க எண் வந்தால் கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலை. முதல் இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் பெரும்பாலும் நகரைச் சுற்றும் சாலை, ஒற்றைப்படையாக இருந்தால் பெரும்பாலும் தாய்ச்சாலையிலிருந்து பிரியும் கிளை. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் வழி பார்க்க இது போதும்.

இவற்றுக்கு முன்பே, 1926-இல் வந்தவை யு.எஸ். நெடுஞ்சாலைகள். வெள்ளைக் கேடயம். அவற்றின் வரிசை நேர் எதிர். யு.எஸ். 1 கிழக்குக் கரையில், யு.எஸ். 101 மேற்குக் கரையில், யு.எஸ். 2 கனடா எல்லையை ஒட்டி. இரண்டு ஒழுங்குகளும் ஒன்றையொன்று குழப்பாமல் இருக்கவே இன்டர்ஸ்டேட் எண்களைத் தலைகீழாக வைத்தார்கள். ஊர்களின் நடுவே நுழைந்து போகும் அழகு இந்தப் பழைய சாலைகளில்தான் இருக்கிறது. நேரம் இருக்கும் நாளில் ஒரு பகுதியையாவது இவற்றில் போகும்படி திட்டமிடுங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அவர் எப்படிப் பங்கெடுப்பார்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் வேண்டியது. ஆங்கிலம் வராவிட்டாலும் எண் எல்லோருக்கும் வரும். சாலையோரப் பலகையில் இருக்கும் அதே கேடயமும் அதே எண்ணும்தான் அட்லஸில் இருக்கின்றன. 79-லிருந்து 90-க்கு மாற வேண்டும் என்று தெரிந்த அம்மா, பலகையில் 90 வந்ததும் சொல்லிவிடுவார். மாநிலச் சாலைகளுக்கு மட்டும் சின்னம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஊர்ப்பெயர்களுக்குத் தமிழில் சீட்டு ஒட்டுங்கள். ஒட்டி எடுக்கும் மஞ்சள் குறிப்புத் தாளை விரல் அகலத்துக்குக் கீற்றாக நறுக்கி, தடித்த கறுப்புப் பேனாவால் பெரிதாக எழுத வேண்டும்: "பிட்ஸ்பர்க், பெருமாள் கோயில்", "நயாகரா அருவி", "முதல் இரவு இங்கே". ஊர்ப்பெயரின் மேல் ஒட்டினால் அடியில் இருக்கும் சாலை மறைந்துவிடும். பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தில், ஏரியின் மேலோ வனப்பகுதியின் மேலோ ஒட்டி, ஊர்வரை பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இதைப் பேரன் பேத்தியைச் செய்ய வைத்தால் அவர்களுக்குத் தமிழ் எழுத்துப் பழக்கமும் ஆயிற்று.

மைல் கணக்கையும் கிலோமீட்டரில் எழுதிக் கொடுக்க மறக்காதீர்கள். எட்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் போதும். 50 மைல் 80 கிலோமீட்டர். "சென்னையிலிருந்து திருச்சி தூரம்" என்று சொன்னால் அம்மாவுக்கு உடனே பிடிபடும். 200 மைல் கிட்டத்தட்ட அதுதான்.

ஓர் உதாரணப் பயணத்தைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

நியூ ஜெர்சியின் எடிசன் வட்டாரத்தில் இருக்கும் குடும்பங்கள் ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துப்போகும் பயணத்தையே எடுத்துக்கொள்வோம்: பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயில், அங்கிருந்து நயாகரா, பிறகு வீடு.

அட்லஸில் மாநிலங்கள் அகரவரிசையில் இருக்கின்றன, பூகோள வரிசையில் இல்லை. நியூ ஜெர்சிக்கு அடுத்த பக்கம் நியூ மெக்சிகோ. ஆகவே முதல் வேலையாக நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, நியூயார்க் பக்கங்களில் நிறச் சீட்டுகளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டிவிடுங்கள். பிறகு முன்பக்கத்தில் இருக்கும் நாட்டுப் படத்தில் மொத்த வட்டத்தையும் ஒருமுறை பென்சிலால் வரைந்து பாருங்கள்.

இப்போது பென்சில்வேனியா. எடிசனிலிருந்து 287, பிறகு 78, அது 81-இல் சேர்கிறது. ஹாரிஸ்பர்க்கைத் தாண்டிக் கார்லைல் அருகே 76-ஐப் பிடிக்க வேண்டும். இந்த 76 பென்சில்வேனியா டர்ன்பைக், அதாவது சுங்கச் சாலை. 1940 அக்டோபர் 1-ஆம் தேதி, கார்லைல் முதல் இர்வின் வரை 160 மைலுக்குத் திறக்கப்பட்ட இது, அமெரிக்காவின் நெடுந்தூர விரைவுச் சாலைகளில் முன்னோடி. வழியில் நான்கு மலைச் சுரங்கப்பாதைகள் வரும், அட்லஸில் அவற்றின் பெயர்களைத் தேடிப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு நல்ல வேலை. காசு வாங்கும் கூண்டுகள் இப்போது இல்லை. மின்னட்டை இல்லாத காருக்கு எண் பலகையைப் படம் எடுத்துப் பில் அனுப்புவார்கள், கட்டணமும் கூடுதல்.

இந்தச் சாலையில் எக்ஸிட் எண்ணே, அதாவது சாலையை விட்டு இறங்கும் வழியின் எண்ணே, மைல் கணக்கு. மேற்கு எல்லையிலிருந்து எண்ணுகிறார்கள். கார்லைல் எக்ஸிட் 226, கோயிலுக்கு இறங்கும் மன்ரோவில் எக்ஸிட் 57. கழித்துப் பார்த்தால் 169 மைல். நடுவில் 172-ஆம் மைல் அருகே சைட்லிங் ஹில் ஓய்விடம் இருக்கிறது. கார்லைலிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கழிப்பறையும் காபியும் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். வயதானவர்களுக்கு இந்த ஒரு தகவல் தரும் நிம்மதியை இளையவர்கள் பெரும்பாலும் உணர்வதில்லை. நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் "அடுத்து எப்போது நிறுத்துவீர்கள்?" என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். நிறுத்தும் இடங்களைப் பக்கத்தில் குறித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டிலிருந்து கோயில் வரை 340 மைல் போல வரும். முதல் நாளுக்கு அது போதும். பென் ஹில்ஸ் குன்றில் இருக்கும் அந்தக் கோயில் 1976 முதல் வழிபாட்டில் இருக்கிறது, அமெரிக்காவின் மூத்த கோயில்களில் ஒன்று. சாயங்கால தரிசனத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள்.

மறுநாள் அதே 76-இல் மேற்கே எக்ஸிட் 28 வரை, அங்கிருந்து 79 வடக்கே ஈரி நகரை நோக்கி. ஒற்றைப்படை, ஆகவே வடக்கு. ஈரி அருகே 90, இரட்டைப்படை, ஏரியை ஒட்டிக் கிழக்கே பஃபலோ வரை. அங்கே 190, அதாவது 90-இன் கிளை. மேலே சொன்ன எண் விதிகள் அத்தனையும் இந்த ஒரு நாளிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். மொத்தம் சுமார் 240 மைல். நியூயார்க் மாநிலச் சுங்கச் சாலையில் மட்டும் எக்ஸிட் எண்கள் வரிசை எண்கள், மைல் எண்கள் அல்ல. அங்கே கழித்தல் கணக்கு வேலை செய்யாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. 190-இல் நேராகப் போய்க்கொண்டே இருந்தால் லூயிஸ்டன் குயின்ஸ்டன் பாலத்தில், கனடா எல்லையில் கொண்டுபோய் விடும். இந்தியப் பாஸ்போர்ட்டில், அமெரிக்க விசா மட்டும் வைத்திருக்கும் பெற்றோருக்கு அது வீண் சங்கடம். அருவி நகரத்தின் சிறு உட்படத்தைப் பெரிய பக்கத்தில் தேடி, எங்கே இறங்க வேண்டும் என்பதை வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாளில்தான் அட்லஸ் தன் மதிப்பைக் காட்டும். நயாகராவிலிருந்து வீட்டுக்கு நானூறு மைல் போல. போன் மிக விரைவான வழியைக் காட்டும், நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு வந்து சேர்வீர்கள். நியூயார்க் பக்கத்தை விரித்தால், மாநிலத்தின் நடுவே பதினொரு ஏரிகள் நெடுநெடுவென்று தெற்கு வடக்காகக் கிடப்பது தெரியும். அவற்றுள் செனிகா ஏரியின் தென்முனையில் வாட்கின்ஸ் கிளென். பாறைப் பிளவுக்குள் பத்தொன்பது அருவிகள் இருக்கும் மாநிலப் பூங்கா. அதற்குத் தெற்கே, இன்டர்ஸ்டேட் 86-ஐ ஒட்டிக் கார்னிங், உலகப் புகழ் பெற்ற கண்ணாடி அருங்காட்சியகம் அங்கேதான். இரண்டும் வீட்டுக்கு வரும் பாதைக்குக் கட்டைவிரல் அகலத்தில் இருக்கின்றன. படியேற முடியாத அம்மாவுக்கு அருங்காட்சியகம், ஏறக்கூடியவர்களுக்கு அருவிகள். தேடாமல் கிடைத்த ஊர்கள் இப்படித்தான் பயணத்தில் சேர்கின்றன.

தூரத்தையும் நேரத்தையும் எப்படிக் கணக்கிடுவது?

சாலையை ஒட்டிச் சிறிய எண்கள் இருக்கும், அவை சந்திப்புக்குச் சந்திப்பு மைல். நீண்ட துண்டுகளுக்கு அம்புக்குறிகளுக்கு இடையே மொத்த மைல் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். பெரிய நகரங்களுக்கு இடையே என்றால் அட்டவணையும் பயண நேரப் படமும் அட்லஸிலேயே உண்டு.

வளைந்து நெளியும் மலைச்சாலைக்கு நூல்தான் சிறந்த கருவி. சாலை மேல் நூலை வைத்து, நீட்டி, அளவுகோலோடு ஒப்பிடுங்கள். ஆனால் அந்தப் பக்கத்தின் அளவுகோலோடுதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அளவுகோல் வேறு. ரோட் ஐலண்டில் ஓர் அங்குலமும் டெக்சாஸில் ஓர் அங்குலமும் ஒன்றல்ல. ஒரு பக்கத்தில் பழகிய கண் அடுத்த பக்கத்தில் ஏமாறும் இடம் இது.

நேரத்துக்கு, இன்டர்ஸ்டேட்டில் மணிக்கு 60 மைல் என்று கணக்கிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கால்மணி ஓய்வு சேருங்கள். மலைப்பாதையில் 35 மைல் என்று வையுங்கள். புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலை 469 மைல், அதில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே 45 மைல்தான். பெரியவர்களோடு போகும்போது ஒரு நாளைக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது மைலுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அறுநூறு மைல் ஓட்டியதைப் பெருமையாகச் சொல்பவர்களின் பின்சீட்டில் இருந்தவர்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மேற்கு மாநிலங்களுக்குப் போகிறோம். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

வெற்றிடத்தை. கிழக்கில் அட்லஸ் பக்கம் ஊர்ப்பெயர்களால் நிரம்பி வழிகிறது. நெவாடா, யூட்டா பக்கங்களில் பெயரில்லாத வெளி பெரிதாகக் கிடக்கிறது. அந்த வெளி ஒரு தகவல். அங்கே பெட்ரோலும் இல்லை, தண்ணீரும் இல்லை, பல இடங்களில் போன் சிக்னலும் இல்லை.

நெவாடாவில் யு.எஸ். 50-ஐப் பாருங்கள். 1986-இல் லைஃப் பத்திரிகை அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று அதைக் குறிப்பிட்டது. ஃபேலனிலிருந்து ஆஸ்டின் வரை சுமார் 110 மைல், அங்கிருந்து யுரீகா 70, அதற்கடுத்து ஈலி 77. இந்த நான்கு பெயர்களையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றிலும் டேங்கை நிரப்புவதாக முடிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டும். யூட்டாவில் இன்டர்ஸ்டேட் 70-இலும் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை நூறு மைலுக்கு மேல் எந்த வசதியும் கிடையாது. இன்டர்ஸ்டேட் என்ற பெயரை நம்பி ஏறிவிடக்கூடாது.

மரணப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவின் நிர்வாகமே ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி வராதீர்கள் என்று பயணிகளை எச்சரிக்கிறது. கோடை வெயிலில் அங்கே வழி தவறுவது உயிருக்கு ஆபத்து. காகிதப் படம் காரில் இருப்பது அங்கே கட்டாயம் என்றே சொல்வேன்.

நேர மண்டலக் கோட்டையும் பாருங்கள். அரிசோனாவில் கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் அதற்குள்ளேயே இருக்கும் நவாஹோ நிலப்பகுதியில் மாற்றுகிறார்கள். முன்பதிவு செய்த சுற்றுலா நேரத்தைத் தவறவிடுவது இதனால்தான்.

பனிக்காலத்தில் மூடும் சாலைகள் அட்லஸில் தெரியுமா?

பெரும்பாலானவை தெரியும், சாலையின் ஓரத்திலேயே குளிர்காலத்தில் மூடப்படும் என்று சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரிய பதிப்பிலும் இது சிறு எழுத்துதான், ஆகவே பூதக்கண்ணாடியை இங்கே பயன்படுத்துங்கள். கொலராடோவில் 12,183 அடி உயரம் ஏறும் ட்ரெயில் ரிட்ஜ் சாலை, மொன்டானாவின் கோயிங் டு த சன் சாலை, யோசெமிட்டியின் டயோகா சாலை எல்லாம் இந்த வகை. கோயிங் டு த சன் சாலை முழுவதும் திறக்க ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும். பள்ளி விடுமுறை தொடங்கியதும் மே மாதக் கடைசியில் கிளம்பும் குடும்பங்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். அன்றைய நிலவரத்துக்குப் பல மாநிலங்களில் 511 என்ற எண்ணை அழைக்கலாம்.

பக்கத்தில் கோடு போடலாமா?

தாராளமாக. போடத்தான் அட்லஸ். முடிவான வழிக்கு மஞ்சள் ஹைலைட்டர், எழுத்தை மறைக்காது. கரும்பச்சை, ஊதா வேண்டாம். முடிவாகாத வழிகளுக்குப் பென்சில். இரவு தங்குமிடத்துக்குச் சிறிய சிவப்பு வட்டம்.

ஓடும் காரில் பார்ப்பது நல்லதா?

ஓட்டுநர் பார்க்கவே கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கும் இந்தப் பெரிய புத்தகம் மடியில் அடங்காது, தலை குனிந்து படித்தால் சிலருக்குக் குமட்டும். அன்றைய பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் கொடுங்கள். நகல் எடுக்கும்போதே 130, 140 சதவீத அளவுக்குப் பெரிதாக்கினால், முழுப் பக்கம் வராவிட்டாலும் வேண்டிய பகுதி மிகத் தெளிவாகக் கிடைக்கும். குறைபார்வை உள்ளவருக்கு எந்த அட்லஸையும்விட இது நல்ல வழி. திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வேலையைப் போனிடமே விட்டுவிடலாம், அதில் அது கெட்டிக்காரன்.

எத்தனை வருடப் பழைய அட்லஸை நம்பலாம்?

அட்டையில் இருக்கும் ஆண்டு சற்று முந்தியே வரும். அடுத்த ஆண்டின் பெயரிட்ட பதிப்பு இந்த ஆண்டு நடுவிலேயே கடைக்கு வந்துவிடும். இன்டர்ஸ்டேட்டுகளும் மலைகளும் ஏரிகளும் இடம் மாறுவதில்லை என்பதால், திட்டமிட மட்டும் என்றால் நான்கைந்து ஆண்டுப் பழையது போதும். எக்ஸிட் எண்கள், சுங்க முறை, நகரப் புறவழிகள் மாறியிருக்கலாம், அவற்றை மட்டும் கிளம்பும் முன் இணையத்தில் சரிபாருங்கள். பழைய புத்தகக் கடைகளிலும் நூலக விற்பனைகளிலும் பெரிய அளவுப் பதிப்பு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கும் முன் சுருள் கம்பி வளைந்திருக்கிறதா, நீங்கள் போகவிருக்கும் மாநிலத்தின் பக்கம் கிழிக்கப்படாமல் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர்கள் வழக்கமாகக் கிழித்து எடுத்துப் போயிருப்பது சொந்த மாநிலத்தையும் பக்கத்து மாநிலத்தையும்தான்.